டூடில் நாய்களுக்கான கலர் டிஎன்ஏ கிட்: வாங்கலாமா?

டூடில் (பூடிலை வேறு இனத்தோடு கலந்த நாய்) குட்டி பார்க்க வருகிறவர்கள் கேட்காமல் போகாத கேள்வி, "இந்தக் கலர் இப்படியே இருக்குமா?" கன்னத்துக்குள் ஸ்வாப் தேய்த்து லேபுக்கு அனுப்பும் கலர் கிட் இதற்குப் பதில் சொல்லும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. ஆனால் வேறு சில விஷயங்களைக் கச்சிதமாகச் சொல்லிவிடும்.

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஈ லோகஸ், அதாவது 'E' எனும் மரபணு இடம். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இரண்டு பிரதியும் சின்ன 'ஈ' (e) என்றால் முடியில் கறுப்போ பிரவுனோ வராது. க்ரீம், ஏப்ரிகாட், சிவப்பு, அவ்வளவுதான். கோல்டன் ரிட்ரீவர்கள் எல்லாமே இந்த ரகம். எனவே கோல்டனும் பூடிலும் கலந்த கோல்டன்டூடிலில் இந்த வரி காட்டுவது பூடில் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்பதைத்தான். பி லோகஸில் சின்ன 'பி' இரண்டு இருந்தால் சாக்லேட். மூக்கும் பிரவுனாகவே இருக்கும். கறுப்பு மூக்கோடு ஒரு குட்டியைச் சாக்லேட் என்று காட்டினால் நம்ப வேண்டாம். அது சேபிளாகவோ (வேர் வெளிர், நுனி கருமையான முடி) வெளுக்கத் தொடங்கிய கறுப்பாகவோ இருக்கும். இந்த வரியில் ஒரு சிக்கலும் உண்டு. பிரவுனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கின்றன. இரண்டு வேறு மாற்றங்கள் ஒவ்வொன்றாகத் தென்பட்டால், அவை ஒரே பிரதியில் உட்கார்ந்திருக்கின்றனவா, இரண்டிலுமா என்று சாதாரண டெஸ்ட் பிரித்துச் சொல்லாது. அப்போது மூக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனப்பெருக்கம் செய்கிறவர்களுக்கு மெர்ல் (நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும் மாற்றம்) வரி ஒன்றுக்காகவே கிட் வாங்கலாம். க்ரீம், சிவப்பு நாய்களில் மெர்ல் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளும். தெரியாமல் இரண்டு மெர்லைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி இரட்டை மெர்ல், அதாவது இரண்டு பிரதியும் மெர்ல். காது கேளாமை, கண் குறைபாடு இரண்டுக்கும் அபாயம் அதிகம்.

இனி, கிட் கைவிடும் இடம். பூடில் ரத்தத்தில் வரும் படிப்படியான நரைத்தலுக்கு, வழக்கமான கலர் பேனலில் (லேப் சேர்த்துத் தரும் டெஸ்ட் தொகுப்பு) வரியே கிடையாது. அது ஓங்கு பண்பு. ஒரு பிரதி வந்தாலே போதும். கறுப்பாகப் பிறந்தது நீலச் சாம்பலாகவோ வெள்ளியாகவோ மாறும். சாக்லேட் பால் கலந்த காபி நிறத்துக்குப் போகும். முழுதாக முடிய 2, 3 வருடம்கூட ஆகலாம். இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. 6 முதல் 8 வாரக் குட்டியின் முகத்தையும் பாதத்தையும் க்ளிப்பரால் ஒட்ட வெட்டிப் பாருங்கள். பாத மெத்தைகளுக்கு நடுவே வெளிர் முடி தென்பட்டால் நரைக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வளர்ந்த நாயில் முதுகு முடியை வகிடு பிரியுங்கள். வேர் வெளிர், நுனி கருமை என்றால் பெரும்பாலும் நரை. வேர் கருமை, நுனி செம்பட்டை என்றால் அது வெயில் வேலை. அடுத்த க்ரூமிங்கில் போய்விடும்.

ஆனால் சேபிளும் வேர் வெளிர், நுனி கருமையாகவே இருக்கும். ஒரு முறை கட்டையாக வெட்டியதும் "கலரே போய்விட்டது" என்று புகார் வருவது பெரும்பாலும் இதில்தான். இங்கே கிட் கைகொடுக்கும்: ஏ, கே இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் சேபிளா இல்லையா என்று தெரிந்துவிடும். அதேபோல, நிறத்தை வெளிறச் செய்யும் மாற்றத்தைப் பார்க்கும் டி வரி, பிறவியிலேயே நீலமான நாயையும் நரைத்து நீலமான நாயையும் பிரித்துக் காட்டும். பிறவி நீலத்துக்கு மூக்கும் சாம்பல். நரைத்ததற்கு மூக்கு கறுப்பாகவே நிற்கும்.

சிவப்பு விஷயத்தில் சில பேனல்கள் "நிற அடர்த்தி" என்று ஒரு வரி தருகின்றன. ஓரளவு உதவும், முழுதாக நம்ப முடியாது. கோல்டன் குட்டி வளர வளரக் காது நிறத்தை நோக்கி அடர்த்தியாகும். சிவப்புப் பூடில் பெரும்பாலும் வெளிறும். இரண்டும் கலந்த குட்டியில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எந்த லேபும் எழுதித் தராது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் செல்களும் இருக்கும். தாயிடமிருந்தும் கூடப்பிறந்த குட்டிகளிடமிருந்தும் ஒரு மணி நேரமாவது பிரித்து வைத்த பிறகே எடுக்க வேண்டும். எச்சிலை நனைத்து எடுப்பது போதாது. கன்னத்தின் உட்புறத்தில் அழுத்தி, 20 வினாடியாவது உருட்ட வேண்டும். நன்றாகக் காற்றாட விடாமல் உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி இருந்தால், ஸ்வாபைத் திறக்கும் முன்பே உறையில் பெயர் எழுதிவிடுங்கள்.

குட்டி போட வைக்கும் எண்ணம் இருந்தால் ஈ, பி, கே, ஏ, டி, மெர்ல், பார்ட்டி வெள்ளைக்கான (உடலில் வெள்ளைத் திட்டுகள்) எஸ் எல்லாம் உள்ள பேனலாகப் பார்த்து வாங்குங்கள்; மீசை தாடி முடிக்கான வரியும் சேர்ந்திருந்தால் நல்லது. வீட்டில் வளர்க்க மட்டும் என்றால் இந்தச் செலவு வேண்டாம். தாய் தகப்பனுக்கு 3 வயது தாண்டிய பிறகு, வெட்டிய முடியோடு எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள்.