மைசூர் எல்லை: பழைய வரைபடமா, 1956 சட்டமா?

இன்றைய கர்நாடகத்தின் பழைய பெயர் மைசூர். பூர்விக ஊர் அந்தக் காலத்தில் எந்த மாநிலத்தில் இருந்தது என்று தேடும் பெங்களூர்த் தமிழர்கள், பழைய வரைபடத்தைப் பார்ப்பதா, 1956-ன் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தைப் பார்ப்பதா என்று தயங்குகிறார்கள்.

துல்லியம்
வரைபடம்: சிறிய அளவில் அச்சானதில் தாலுகா கோடே இருக்காது. அச்சான ஆண்டையும் பார்க்க வேண்டும். 1953 அக்டோபர் 1-க்கு முந்தையதில் பெல்லாரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இருக்கும். அன்றுதான் ஆலூர், ஆதோனி, ராயதுர்க்கம் ஆந்திரத்துக்கும் மற்ற தாலுகாக்கள் மைசூருக்கும் போயின.
சட்டம்: மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு போதும். மைசூரோடு சேர்ந்தவை எவை என்பதை, கோவை மாவட்டக் கொள்ளேகால், காசரகோடு நீங்கலான தென் கன்னடம், சந்த்கட் நீங்கலான பெல்காம் எனத் தாலுகா வாரியாகச் சொல்கிறது. விதிவிலக்குகளை விட்டுவிட்டால் முழு மாவட்டமும் வந்ததாகத் தப்புக்கணக்கு ஆகிவிடும்.

செலவு
சட்டம் இணையத்தில் இலவசம். நல்ல பழைய அச்சு வரைபடத்துக்குப் பணம் ஆகும்.

எளிமை
வரைபடம்: மைசூரோடு சேர்ந்த பம்பாய், ஐதராபாத், குடகுப் பகுதிகள் ஒரே பார்வையில் புரியும்.
சட்டம்: பக்கத்தில் தாலுகா பட்டியல் வேண்டும்.

கொள்ளேகால், மங்களூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சட்டமே சரி. பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர்க்காரர்களுக்கு அது உதவாது. அந்த இடங்கள் இருந்த, 1881-ல் ஆங்கிலேயரிடம் போன தண்டுப் பகுதி (கன்டோன்மென்ட்) 1947-லேயே மைசூருக்குத் திரும்பிவிட்டது. அவர்கள் அதற்கு முந்தைய நகர வரைபடத்தைத்தான் தேட வேண்டும்.