பழைய டிவி பெட்டியா, ராஸ்பெரி பையா?
யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி சும்மா கிடக்கிறது. அதில் அம்லாஜிக் எஸ்905எக்ஸ் சிப் இருந்தால் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டி அதைச் சிறிய கணினியாக்கலாம். இத்தகைய சிறு கருவிகளுக்கான லினக்ஸ் வகையான ஆர்ம்பியனை எஸ்டி கார்டில் எழுதி, பெட்டியின் வன்பொருள் எது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிடிபி கோப்புகளில் பொருந்துவதன் பெயரை அமைப்புக் கோப்பில் கொடுக்க வேண்டும். பிறகு ஏவி துளைக்குள் ஒளிந்திருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி கரண்ட் கொடுக்க வேண்டும். நான் ஈர்க்கால்தான் அழுத்தினேன். பிழையான டிடிபி என்றால் திரை கறுப்பாகவே நிற்கும். அடுத்ததைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். எனக்கு மூன்றாவது சரிவந்தது, ஆனால் வைஃபை இன்றுவரை இல்லை. லான் வயரில் ஓடுகிறது. வெளியே 4 ஜிபி ரேம் என்று ஒட்டியிருந்தது, உள்ளே 2 தான்!

2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற ஒற்றைப் பலகைச் சிறு கணினியில் இந்தக் கூத்து இல்லை. இமேஜர் மென்பொருளால் கார்டை எழுதிச் செருகினால் எழும்பிவிடும். விலைதான் கடிக்கும், அப்புறம் 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டரும் வாங்க வேண்டும். மலிவான போன் சார்ஜரில் மின்னழுத்தம் குறைந்து தடுமாறும்.

படம், பாட்டு வைத்துக்கொள்ளும் சிறிய சர்வருக்கு டிவி பெட்டியே போதும். தாங்கி நிரம்பியதும் கிணற்று மோட்டரை நிறுத்தும் வேலை என்றால் பைதான்; சென்சார், ரிலே (மோட்டரை இயக்கி நிறுத்தும் மின் சுவிட்ச்) இணைக்க 40 பின் அதில் இருக்கிறது. கரண்ட் திடீரென நின்றால் இரண்டிலும் எஸ்டி கார்டு பழுதாகலாம். சிறிய யூபிஎஸ் ஒன்று வையுங்கள்.