கிலோபாட்டா, ஈ-பக்கா? ரோபோக் கூட்டத்துக்கு எது வாங்கலாம்

பேச்சு கிடையாது, முன்பு நடந்தது எதுவும் நினைவில் நிற்காது, கொஞ்ச தூரம்தான் கண் தெரியும், ஆனால் தலையில் சில நிறங்கள் காட்டும் ஒரு விளக்கு உண்டு. இப்படிப்பட்ட எளிய ரோபோக்களைக் கூட்டமாக இயக்குவதுதான் எங்கள் ஆய்வக வேலை. 30 கிலோபாட் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஈ-பக் பழக்கம் இரவல் வாங்கிய நான்கோடு இரண்டே வாரம்தான், அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிப்படையான வித்தியாசங்கள் முதலில். கிலோபாட் ஹார்வர்டில் உருவானது: 33 மி.மீ. விட்டம், மூன்று கம்பிக் கால், இரண்டு அதிர்வு மோட்டார், நொடிக்குச் சுமார் 1 செ.மீ. நகரும். ஈ-பக் சுவிட்சர்லாந்தின் லொசானிலுள்ள ஈபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது: 7 செ.மீ. விட்டம், சக்கரம், அளந்த சிறு படிகளாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், கேமரா, சுற்றிலும் எல்ஈடி. ஒற்றை ரோபோவாக ஈ-பக்தான் மேல், சந்தேகமே இல்லை.

ஆனால் பத்தைத் தாண்டியதும் பராமரிப்புதான் உயிரை வாங்கும். நான்கு ஈ-பக்குக்கும் ஒவ்வொன்றாகக் கேபிள் செருகி, நிரல் ஏற்றி, சார்ஜ் பார்த்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும், நடுவில் ஒரு வரியைத் திருத்தினால் மறுபடி முதலிலிருந்து. கிலோபாட்டுக்கு மேலே ஒரு கன்ட்ரோலர் தொங்குகிறது. அது அகச்சிவப்பு ஒளியில் அனுப்பும் நிரல் ஒரு நிமிடத்துக்குள் முப்பதுக்கும் சேர்ந்தே போய்விடும், தூங்க வைப்பதும் எழுப்புவதும் அப்படியே. சார்ஜ் போட, காலும் மேல் கொக்கியும் படும்படி இரண்டு உலோகப் பட்டைகளுக்கு நடுவே வரிசையாக வைத்தால் போதும். 2014-இல் மைக்கேல் ரூபன்ஸ்டைன் குழு 1024 கிலோபாட்டை வைத்து நட்சத்திர வடிவம் காட்ட முடிந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்பது முப்பதை மேய்த்த பிறகுதான் புரிந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு, அது கேலிபரேஷன். ஒவ்வொன்றுக்கும் இடது, வலது, நேர் ஓட்டத்துக்கு மோட்டார் மதிப்பைத் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும், கால் ஒன்று லேசாக வளைந்தாலும் நேராகப் போகச் சொன்னது வட்டம் போடும். மேசையில் தூசி இருந்தாலும் தகராறுதான். மாதம் ஒரு நாள் இதற்கே போகிறது. இருந்தும் தினமும் அரை மணி நேரம் கேபிளோடு மல்லுக்கட்டுவதைவிட இது எனக்குச் சரி.

அப்புறம் விளக்கு விஷயம். கிலோபாட்டிலும் எல்ஈடி உண்டு, ஆனால் அது நம் கண்ணுக்குத்தான், பக்கத்து ரோபோவுக்கு நிறம் தெரியாது. நாங்கள் நிற எண்ணை மட்டும் அகச்சிவப்புச் செய்தியில் அனுப்புகிறோம். மேசையில் பட்டுத் திரும்பும் அந்த ஒளி சில செ.மீ. தாண்டினால் எட்டாது என்பதால், குறைந்த பார்வை என்ற நிபந்தனை தானாகவே வந்துவிடுகிறது. செய்தியின் பலத்தை வைத்து தூரமும் கிடைக்கும். திசை மட்டும் கிடைக்காது.

அது சின்னக் குறை இல்லை. நினைவில்லாத இரண்டு ரோபோக்கள் ஒரே தாளத்தில் நகர்ந்தால் நடுப்புள்ளியில் சேர்ந்துவிடலாம், தாளம் தவறினால் உத்தரவாதம் கிடையாது என்று கணினி அறிவியலாளர்கள் சுசூகியும் யமாஷிதாவும் நிரூபித்தார்கள். விளக்கு வைத்தால் தாளம் தவறினாலும் சேர முடியும். இதை உள்ளபடி ஓட்டிக் காட்ட எதிரே இருப்பது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், கேமரா வேண்டும். அதற்காக இரண்டே இரண்டு ஈ-பக் கேட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு அடுத்து வாங்கப் போகும் இருபதும் கிலோபாட்தான்.