போர்ட்ஸ்மத்தின் பி அண்ட் பி விடுதிகள்: பதினொரு பயணங்களின் அனுபவம்

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள கடற்படைத் துறைமுக நகரான போர்ட்ஸ்மத்துக்கு 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முறையாகச் சென்றேன். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டு, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலைக்கூட முழுதாகப் பார்க்க முடியாமல் வந்ததுதான் அந்த முதல் பயணத்தின் பலன். அதன் பிறகு, பெருந்தொற்றுக் காலம் நீங்கலாக, ஆண்டுதோறும் ஒருமுறையோ இருமுறையோ சென்று இரண்டு இரவுகளாவது தங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதுவரை பதினொரு பயணங்கள். தங்க அறையும் காலை உணவும் தரும் ஐந்து வெவ்வேறு பி அண்ட் பி வீடுகள். அங்கே போக எண்ணுபவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

துறைமுக ரயில் நிலையத்தை ஒட்டியும் கன்வார்ஃப் கடைவீதியை ஒட்டியும் இருப்பவை பெரும்பாலும் பெரிய ஹோட்டல்கள். குடும்பத்தார் தாங்களே நடத்தும் பி அண்ட் பி வீடுகள் வேண்டுமானால் சவுத்சீக்குத்தான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்படை அதிகாரிகளின் குடியிருப்பாகவும் கடற்காற்று வாங்க வருபவர்களின் ஊராகவும் வளர்ந்த பகுதி அது. அப்போது வரிசையாகக் கட்டப்பட்ட மூன்று, நான்கு மாடி வீடுகளில் சிலவே இன்றைய விடுதிகள். இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டால் அறைகளின் நிறைகுறை இரண்டும் விளங்கும். உயரமான கூரை, வளைந்து வெளியே நீளும் பெரிய சன்னல், பழைய கணப்படுப்பு ஆகியவை நிறைகள். மின்தூக்கி கிடையாது, மேலே போகப் போகப் படிக்கட்டு குறுகும், குளியலறை என்பது அறையின் ஒரு மூலையைத் தடுத்துப் பிற்காலத்தில் சேர்த்ததாக இருக்கும். 2018இல் என் அம்மாவை அழைத்துச் சென்றபோது மூன்றாம் மாடி அறை கிடைத்தது. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக நின்று நின்று அவர் ஏறியதைப் பார்த்த பிறகு, எந்த மாடி என்று கேட்காமல் நான் அறை எடுத்ததே இல்லை.

இறங்கும் நிலையத்தையும் சொல்லிவிடுகிறேன். சவுத்சீயில் தங்குபவர்கள் கடைசி நிலையமான போர்ட்ஸ்மத் ஹார்பர் வரை போக வேண்டியதில்லை; அதற்கு முந்தைய போர்ட்ஸ்மத் அண்ட் சவுத்சீ நிலையத்தில் இறங்குவதே நல்லது. காரில் வருபவர்கள், விருந்தினருக்கான நிறுத்த அனுமதியை விடுதிக்காரர் தருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பல தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம்.

ஒரே ஒரு வீட்டில்தான் மனம் நொந்தது. கடல் தெரியும் அறை என்று கூடுதல் பணம் வாங்கினார்கள். சன்னலோரம் சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால் இரு கூரைகளுக்கு இடையே விரலகல நீலம் தெரிந்தது. எடுத்துச் சொன்னபோது, கடல் தெரிகிறதல்லவா என்றே பதில் வந்தது. அதைவிட, நவம்பர் இரவில் பத்து மணிக்கே வெப்பமூட்டியை நிறுத்தியதுதான் பெருந்துன்பம். மற்ற நான்கு வீடுகளிலும் இப்படி நடந்ததில்லை.

காலை உணவுக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவார்கள். முந்தைய மாலையே ஒரு சீட்டில் வேண்டியவற்றைக் குறித்துக் கொடுக்க வேண்டும். முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ், தக்காளி, காளான், வேகவைத்த பீன்ஸ், வாட்டிய ரொட்டி என்று தட்டு நிறைந்துவிடும். நான் சைவம், முட்டை மட்டும் உண்பேன். முன்பதிவின்போதே தெரிவித்துவிட்டால் காய்கறி சாசேஜ் வாங்கி வைத்திருப்பார்கள். இறைச்சி வதக்கும் சட்டியில் அல்லாமல் வேறு சட்டியில் முட்டை பொரித்துத் தர முடியுமா என்று கேட்கவும் நான் தயங்குவதில்லை. நேராகக் கேட்டால் முகம் சுளித்தவர் எவருமில்லை. நான்கு முறை தங்கிய ஒரு வீட்டின் அம்மையார், கேட்காமலேயே என் காளானைத் தனிச் சட்டியில் வெண்ணெயும் மிளகும் சேர்த்து, ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்கிக் கொண்டுவந்து வைப்பார். அந்த வாசனை வந்ததும் ஊருக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும்.

அந்த மேசையில் கிடைக்கும் பேச்சுதான் இந்த ஊரில் பி அண்ட் பி தேடிப் போவதற்கு முதன்மையான காரணம் என்பேன். போர்ட்ஸ்மத் ஒரு தீவின் மேல் அமைந்த நகரம். அதன் துறைமுக வாயிலோ மிகக் குறுகியது. பெரிய கப்பல்கள் கடலின் ஏற்றவற்றத்தைக் கணக்கிட்டே உள்ளே வரவும் வெளியே போகவும் முடியும். அன்றாடக் கப்பல் போக்குவரத்து அட்டவணையைத் துறைமுக அதிகாரிகள் வெளியிடுகிறார்கள். கடற்படைக் குடும்பத்தில் பிறந்த அந்த அம்மையார் அதைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் ஊற்றுவார். ஒருநாள், சுற்றுலாத் திட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே ரவுண்ட் டவருக்குப் போங்கள் என்றார். பழைய போர்ட்ஸ்மத்தில் துறைமுக வாயிலைக் காக்கக் கட்டிய வட்டமான கற்கோபுரம் அது, கட்டணமில்லை. மேலே ஏறி நின்றபோது, ஏறத்தாழ 280 மீட்டர் நீளமும் 65,000 டன் எடையும் கொண்ட விமானந்தாங்கிக் கப்பலான குயின் எலிசபெத், இழுவைப் படகுகள் சூழ, கைக்கெட்டும் தூரம் என்று சொல்லத்தக்க அளவுக்கு நெருக்கமாக எங்களைக் கடந்து சென்றது. கப்பல் தளத்தின் ஓரத்தில் மாலுமிகள் இடைவெளி விட்டு அணிவகுத்து நின்றார்கள். என் அருகில் நின்ற ஒரு பெண் கையசைத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். வழிகாட்டிப் புத்தகம் வைத்துக்கொண்டு அந்த வேளையில் அந்த இடத்துக்கு நான் போயிருக்கவே முடியாது.

வரலாற்றுக் கப்பல்துறைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இரண்டானால் இன்னும் நல்லது. 1765இல் நீரில் இறக்கப்பட்டு, 1805இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் உயிர்விட்ட விக்டரி, 1922 முதல் உலர்துறையில் நிற்கிறது. அதில் ஆண்டுக்கணக்கில் நீளும் பெரும் பழுதுபார்ப்பு நடந்துவருவதால், பாய்மரங்களோடு கூடிய முழுத் தோற்றத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்ளே தாழ்ந்த உத்தரங்களுக்குக் கீழே குனிந்து நடக்கும்போது, எண்ணூறு பேருக்கு மேல் இங்கே எப்படிப் படுத்துறங்கினார்கள் என்ற வியப்பு அடங்காது.

ஆயினும் என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது மேரி ரோஸ். 1545 ஜூலை 19 அன்று, மன்னர் எட்டாம் ஹென்றி சவுத்சீ கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மூழ்கிய போர்க்கப்பல். ஏறத்தாழ ஐந்நூறு பேரில் முப்பத்தைந்துக்கும் குறைவானவர்களே பிழைத்தார்கள். கடலடிச் சேற்றில் புதைந்த வலப்பக்கம் மட்டும் காற்றுப்படாமல் தப்பியது. 1982இல் அதை மேலே கொண்டுவந்தார்கள். மரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க முதலில் குளிர்ந்த நீரையும் பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளையும் 2013 வரை ஓயாமல் தெளித்தார்கள். இப்போது கண்ணாடிக்கு அப்பால் அரைக் கப்பல் நிற்கிறது. அதற்கு எதிரே, எந்தத் தளத்தில் எந்தப் பொருள் கிடைத்ததோ அந்தந்த உயரத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறையும் நிற்பது சீப்புகளின் முன். உள்ளங்கைக்குள் அடங்கும் மரச்சீப்பு, இருபுறமும் பல். தோண்டி எடுத்தபோது சில சீப்புகளின் பற்களுக்கிடையே ஈரும் பேனும் அப்படியே இருந்தனவாம். நம் வீட்டு ஈருளியை நினைவூட்டும் அந்தப் பொருள், ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியவனை நம் பக்கத்து வீட்டுக்காரன் ஆக்கிவிடுகிறது. அருங்காட்சியகத்துக்குப் போகுமுன் காலையில் சவுத்சீ கோட்டை வரை நடந்து, மன்னர் பார்த்த அதே கடலைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் காட்சி இன்னும் ஆழமாகப் பதியும்.

மேலிருந்து ஊரைப் பார்க்க உதவும் ஸ்பின்னக்கர் கோபுரம் 170 மீட்டர் உயரம். வானம் தெளிந்த நாளில் மட்டும் ஏறுங்கள். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1812இல் பிறந்த வீடு சிறியது, ஒரு மணி நேரம் போதும். சவுத்சீயிலிருந்து வைட் தீவின் ரைடுக்குப் பத்து நிமிடத்தில் காற்றுமெத்தைமீது மிதந்து போகும் ஹோவர்கிராஃப்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரைடு கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும் என்பதால் மணல்மீதும் ஏறிச் செல்லும் இந்த ஊர்தி அங்கே மிகவும் பயன்படுகிறது. புறப்படும்போது தெறிக்கும் உப்புநீரும் கூழாங்கற்கரையை அதிரவைக்கும் இரைச்சலும் குழந்தைகளுக்கு நெடுநாள் நினைவிருக்கும்.

சென்ற ஆண்டு அதே அம்மையாரின் மேசையில் பேச்சு என் தாய்மொழி பற்றித் திரும்பியது. தம் இளமையில் துறைமுகத்தில் ஃபூட்ராயன்ட் என்ற பழைய பயிற்சிக் கப்பல் நின்றதையும், அதன் முந்தைய பெயர் ட்ரிங்கோமலி என்பதையும் சொன்னார். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய கப்பல் அது. 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, பழைய பெயரோடு இன்றும் நீரில் மிதக்கிறது. ட்ரிங்கோமலி என்பது திருகோணமலை என்று நான் சொன்னதும், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, திரு-கோண-மலை என்று மூன்று முறை மெல்ல உச்சரித்துப் பார்த்தார். மூன்றாம் முறை ணகரம் சரியாகவே வந்தது. வரும் செப்டம்பருக்கு அவருடைய வீட்டில் முதல் மாடி அறையை எடுத்திருக்கிறேன்.