‘வேட்டையில் சுட்ட காட்டு வான்கோழி’ என்று விற்றால் வாங்காதீர்கள்

அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் (வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாள்) நெருங்கினாலே இந்த விளம்பரம் கிளம்பிவிடும். அதை நம்பி ஓர் இணையக் கடையில் சாதாரண வான்கோழியைப் போல நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கிய பறவை, சுத்தம் செய்த நிலையில் 9 கிலோ இருந்தது. பண்ணைப் பறவை என்பதற்கு அந்த எடை ஒன்றே போதும். காட்டு வான்கோழிச் சேவல் உயிரோடு இருக்கும்போதே பெரும்பாலும் 7 முதல் 11 கிலோதான். இறகு, குடல், தலை, கால் போனால் 9 கிலோ எங்கிருந்து வரும்? கேட்டதற்கு, “காட்டு இனம் என்ற பொருளில் போட்டோம்” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் வேட்டையாடிய வான்கோழியின் இறைச்சியை விற்கவே கூடாது. சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதும் காடுகளை அழித்ததும் சேர்ந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இனம் ஏறக்குறைய ஒழிந்தே போயிருந்தது. அதனால் உண்மையான காட்டுப் பறவை வேண்டுமென்றால் உரிமம் எடுத்து நீங்களே வேட்டையாட வேண்டும், அல்லது வேட்டைக்காரர் யாராவது அன்பளிப்பாகத் தர வேண்டும். காட்டு இன வான்கோழியைப் பண்ணையில் வளர்த்து, அதைச் சொல்லியே விற்பவர்களும் உண்டு. அதில் குற்றமில்லை.

பிரித்ததும் நெஞ்சைப் பாருங்கள். காட்டுப் பறவைக்கு நெஞ்சு ஒடுங்கியிருக்கும், நடு எலும்பு துருத்தும், தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும். வந்த பறவையிலோ எலும்பே தெரியாத அளவுக்கு வெளிறிய சதை; நெஞ்சில் ‘வெந்ததும் எழும்பும்’ பிளாஸ்டிக் பொத்தான் வேறு! லேபிளின் அடியில் பொடி எழுத்தில் “8% வரை உப்புக் கரைசல் சேர்த்தது” என்றிருந்தது.

சமையலைக் கெடுப்பது இந்த உப்புதான். காட்டுப் பறவையில் கொழுப்பு குறைவு என்பதால், 4 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உப்புப் போட்டு நெஞ்சுக்கறியை ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊறவைப்பார்கள். ஏற்கெனவே உப்புநீர் ஏற்றிய பறவையை அப்படி ஊறவைத்தால் கறி கரிக்கும். வடியும் சாற்றில் குழம்பும் வைக்க முடியாது.

உண்மையான காட்டுப் பறவை கிடைத்தால் முழுதாக வாட்டாதீர்கள். கால் வேகும் வரை காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடும். நெஞ்சைத் தனியே எடுத்து 160 டிகிரி செல்சியஸ் ஓவன் அடுப்பில் வைத்து, கறியின் நடுவில் 74 டிகிரி வந்ததும் வெளியே எடுங்கள். காலை மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் 3, 4 மணி நேரம் வேகவைத்து, எலும்பு போலக் குத்தும் நார்களை உருவிப் போடுங்கள். துப்பாக்கியால் சுட்ட பறவை என்றால் சமைக்கும் முன் விரலால் தடவி ரவைகளை, அதாவது சிறு குண்டுகளைத் தேடுங்கள். ரவை தன்னோடு இறகையும் உள்ளே இழுத்துச் சென்றிருக்கும். அந்த இடத்தைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எறியுங்கள்.

வாங்கி ஏமாந்தவர்கள் லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள். எடை தெரியும்படி படம் எடுத்து, விளம்பரப் பக்கத்தையும் சேமித்து, கார்டு கொடுத்த வங்கியிலும் மாநில வனவிலங்குத் துறையிலும் புகார் கொடுங்கள்.