5 கிலோ கோகோபீட் கட்டி: மாடித்தோட்டத்துக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

விதையையும் பையையும் பத்துக் கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுப்பவர்கள்கூட, கோகோபீட் விஷயத்தில் "எல்லாம் தேங்காய் நார்க்கழிவுதானே" என்று விலை குறைந்ததை எடுத்துவிடுகிறார்கள். தக்காளி முளைத்து இரண்டு இலையோடு நின்றுபோவது, வெண்டை இலையின் ஓரம் கருகுவது, பிஞ்சின் அடி கறுத்து அழுகுவது எனப் பல தொல்லைகள் அந்தக் கட்டியில் இருந்தே தொடங்குகின்றன. செடிக்கு மருந்து தேடும் முன் அது நிற்கும் கலவையைப் பார்க்க வேண்டும்.

சந்தையில் இது மூன்று வடிவத்தில் வருகிறது: 650 கிராம் செங்கல், 5 கிலோ கட்டி, மூட்டையில் ஈரமாக விற்கும் உதிரி. மாடித்தோட்டத்துக்குச் சரியானது 5 கிலோ கட்டிதான். 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறினால் 65 லிட்டருக்கு மேல் உதிரியாகும். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள குரோ பேக் (செடி வளர்க்கும் பை) நிரம்ப 20 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் கலவை வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு நார்க்கழிவு என்றால், ஒரு கட்டி ஒன்பது பைக்கு வரும். 650 கிராம் செங்கல் எட்டு ஒன்பது லிட்டர் கொடுக்கும். கிலோ கணக்கில் பார்த்தால் விலை அதிகம். நாற்றுத் தட்டுக்கு மட்டும் வாங்கலாம். ஈர மூட்டையை எடைக்கு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லுக்கு அருகில் இருப்பவர்களுக்கு உதிரி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது பெரும்பாலும் கழுவாத புதுக் கழிவு.

தரத்தைத் தீர்மானிப்பது உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு. உப்புநீரில் ஊறவைத்த மட்டை என்றால் இன்னும் ஏறும். மில்லில் நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்திய கட்டியில் உப்பு குறைவு. உறையில் "லோ இ.சி." (உப்பு அளவு குறைவு) என்றோ "வாஷ்டு" (கழுவியது) என்றோ போட்டிருப்பார்கள். எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், வீட்டிலேயே சோதிக்கலாம். ஊறிய நார்க்கழிவு ஒரு கப், ஆர்.ஓ. தண்ணீர் ஒன்றரை கப் கலந்து அரை மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். குடிநீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டரை அதில் விட்டு, ஆர்.ஓ. தண்ணீரின் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். 300-க்குள் இருந்தால் விதையே போடலாம். ஆயிரத்தைத் தாண்டினால் அது கழுவாத சரக்கு, உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

மீட்டர் இல்லையென்றால் பாசிப்பயறு போதும். பயறு வகைக்கு உப்பு ஆகாது. பத்துப் பயறை ஈரத் துணியிலும் பத்தை நார்க்கழிவிலும் போட்டு நான்கு நாள் பாருங்கள். துணியில் வெள்ளை வேர் நீளமாக ஓடி, நார்க்கழிவில் வேர் குட்டையாகி நுனி பழுப்பேறியிருந்தால் கட்டி சரியில்லை.

கழுவாத கட்டி கைக்கு வந்துவிட்டால் கழுவிப் பயன்படுத்தலாம். ஊறவைத்து, கோணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு வடிய விட வேண்டும். இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் 20 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் போகும். லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் சென்னை அடுக்குமாடியில் இந்தக் கணக்கையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கழுவிய கட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது அங்கே நஷ்டமில்லை. வடியும் பழுப்புத் தண்ணீர் மொட்டைமாடித் தட்டோட்டில் கறை பிடிக்கும். வேறு செடிக்கும் ஊற்றக் கூடாது. வீட்டில் தென்னை இருந்தால் அதன் பாத்தியில் ஊற்றுங்கள், பொட்டாசியமும் குளோரைடும் அதற்கு வேண்டியவைதான்.

கழுவினாலும் தீராத ஒன்று உண்டு. நார்க்கழிவின் துகள்கள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். நாம் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தாம் வாங்கிக்கொண்டு அவற்றை வெளியே விடும். தக்காளிக் காயின் அடி கறுப்பதற்குக் கால்சியம் எட்டாததே காரணம். பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துப் பயனில்லை. 5 கிலோ கட்டியை ஊறவைக்கும் 25 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஓர் இரவு வைத்து, ஒருமுறை அலசிவிட்டால் பெருமளவு சரியாகும். முட்டை ஓட்டுத் தூள் மெதுவாகத்தான் கரையும். அந்தப் பருவத்துத் தக்காளிக்கு உதவாது. மண் கலந்த பைகளில் இந்தத் தொல்லை குறைவு, வெறும் கோகோபீட்டில் வளர்ப்பவர்களுக்கே அதிகம்.

வெறும் கோகோபீட்டை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அது தண்ணீரையும் காற்றையும் தாங்கும், சத்து கிட்டத்தட்ட இல்லை. மக்காத நார்க்கழிவில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் செடி வெளிறிப்போகும். செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுஉரம் ஆகியவை சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கலந்து, தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் ஆறவிட்டு நடுங்கள். வெறும் செம்மண் நிரப்பிய 12 அங்குலப் பை நனைந்தால் 30 கிலோவைத் தாண்டும், இந்தக் கலவையில் 20 கிலோ அளவில் நிற்கும். பழைய கட்டடங்களின் தளத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இனி கோகோபீட் தரும் சந்தோஷம். நாற்றுக்கு இதைவிட நல்ல ஊடகம் கிடையாது. 98 குழித் தட்டுக்கு மக்கிய நார்க்கழிவு 1.2 கிலோ போதும். குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தக்காளி 25 நாளில், மிளகாய் 35 நாளில் நடவுக்கு வந்துவிடும். அடியில் விரல் கொடுத்துத் தள்ளினால் வேர்ப்பந்து உதிராமல் முழுதாக எழுந்து வரும். அந்த வெள்ளை வேர்களைப் பார்க்கவே தட்டில் விதைக்கலாம். முள்ளங்கி, செம்மண்ணும் உரமும் சேர்ந்த பைக் கலவையில் வளைவோ பிளவோ இல்லாமல் நேராக இறங்கும். இழுத்து உதறினால் மண் ஒட்டாது. செண்டுமல்லி நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் அடித்து, ஒரு பையே மாடியின் ஒரு மூலையை மஞ்சளாக்கிவிடும்.

மல்லிகைக்கு மட்டும் கலவையை மாற்ற வேண்டும். அதற்குத் தண்ணீர் தேங்கக் கூடாது. செம்மண் இரண்டு பங்கு, தொழுஉரம் ஒரு பங்கு, நார்க்கழிவு அரைப் பங்கு. நவம்பர் கடைசியில் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு), மார்ச்சில் மொட்டு வரும்போது இந்த மண்ணின் பலன் தெரியும்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் கோகோபீட் ஆளை ஏமாற்றும். மேல்பரப்பு காய்ந்து வெளுத்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும், சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பும், கீழ் இலைகள் மஞ்சளாகும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். கைப்பிடி கலவையைப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வர வேண்டும், விட்டதும் உருண்டை உதிர வேண்டும். அடைமழை நாட்களில் பையின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பையைச் செங்கல் மேல் ஏற்றி வைப்பது தளத்துக்கும் நல்லது. நாலு நாள் ஊருக்குப் போய் வந்து பை காய்ந்திருந்தாலும், கோகோபீட் மறுபடி சுலபமாகத் தண்ணீர் குடிக்கும். இது இதன் பெரிய பலம்.

மாதங்கள் போகப் போகக் கலவை மக்கி இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். மேலே மண்புழு உரம் போட்டு ஏற்றினால் போதும், புதுக் கட்டி வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளிக்கலாம். பருவம் முடிந்ததும் பழைய வேரை எடுத்து, வெயிலில் காயவைத்து, ட்ரைக்கோடெர்மா (வேரழுகலைத் தடுக்கும் நன்மை தரும் பூஞ்சை) கலந்து மறுபடி நிரப்பினால் இரண்டு மூன்று போகம் தாங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். அந்தப் பையில் அடுத்து கீரையோ அவரையோ போடுங்கள்.

வாங்கும்போது கட்டியின் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். நீள நார் அதிகம் இருந்தால் தண்ணீர் தங்காது, மாவாக இருந்தால் காற்றோட்டம் அடைபடும். சிறு துகளும் குட்டை நாரும் கலந்து அடர் பழுப்பாக இருப்பதை எடுங்கள். முதல் முறை ஒரே கட்டி வாங்கிப் பயறு போட்டுப் பார்த்த பிறகு மீதிக்குச் சொல்லுங்கள். அடுத்த லோடு வரும்போதும் அதே சோதனையைச் செய்யுங்கள், ஒரே கடையில்கூட லோடுக்கு லோடு உப்பு மாறும்.