இன்டர்வியூ டெஸ்ட் என்று வரும் ரெப்போவை எடிட்டரில் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

வேலை தேடிக்கொண்டிருக்கும் டெவலப்பர்கள், குறிப்பாக ரியாக்ட், நோட் பக்கம் இருப்பவர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டு கம்பெனிக்கு ரிமோட் வேலை, நல்ல சம்பளம் என்று ஒருவர் எனக்கு மெசேஜ் அனுப்பினார். ப்ரொஃபைல் பக்காவாக இருந்தது. அப்புறம் வீடியோ காலில் டெக்னிக்கல் ரவுண்டு: ஒரு ரெப்போ (ப்ராஜெக்டின் கோட் தொகுப்பு) லிங்க் கொடுத்து, அதை என் மெஷினில் குளோன் செய்து, அதாவது நகல் எடுத்து, வி.எஸ். கோடு என்ற கோட் எடிட்டரில் திறந்து, ஸ்கிரீன் ஷேரில் ஒரு பிழையைச் சரிசெய்து காட்டச் சொன்னார். அவர் கேமரா கடைசி வரை ஆன் ஆகவே இல்லை.

ஃபோல்டரைத் திறந்ததும், இந்த ஃபைல்களை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று எடிட்டர் கேட்டது. அதுவரை சிரித்துப் பேசிய ஆள், நம்புகிறேன் என்று அழுத்துங்கள், இல்லையென்றால் ப்ராஜெக்ட் ஓடாது, நேரம் போகிறது என்று விடாமல் நெருக்க ஆரம்பித்தார். நான் மறுத்துவிட்டு, எதுவும் தானாக ஓடாதபடி தடுக்கும் ரெஸ்ட்ரிக்டட் மோடிலேயே, எடிட்டர் ஓட்ட வேண்டிய கட்டளைகள் (டாஸ்க்குகள்) எழுதியிருக்கும் டாஸ்க்ஸ் ஜேசன் ஃபைலைத் திறந்தேன். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கீழே ஸ்க்ரோல் பார் குட்டியாகச் சுருங்கியிருந்தது. வலது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், நீளமான வெற்றிடத்துக்கு அப்பால் ஒரு கட்டளை ஒளிந்திருந்தது: ஃபான்ட் என்று பெயர் வைத்த ஒரு ஃபைலை, ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் நோட் மூலம் ஓட்டச் சொல்கிறது. ஃபோல்டர் திறந்தவுடன் தானாக ஓட வேண்டும், டெர்மினல் கண்ணில் படக்கூடாது என்ற செட்டிங்கும் கூடவே. இது என்ன என்று கேட்டேன். கால் கட். ப்ரொஃபைலும் அன்றே காணாமல் போனது.

என் நண்பர் ஒருவருக்கும் இதே ஆள், இதே டெஸ்ட். அவர் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள், கோட் கணக்குக்குள் நுழையும் சாவியான கிட் டோக்கன் எல்லாம் திருடு போய்விட்டன. வேலை இல்லாமல் தவிக்கிறவனின் ஆசையை வைத்துத் திருடுகிறார்கள், அதுதான் வயிறு எரிகிறது. இது புதிதும் இல்லை. வட கொரியாவோடு தொடர்புடையவர்கள் இப்படி போலி இன்டர்வியூ நடத்துவதை பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 குழு 2023 நவம்பரிலேயே வெளியிட்டது.

அந்த நம்பிக்கைக் கேள்வி வி.எஸ். கோடில் 2021இல் வந்தது. அதில் மேல் ஃபோல்டரையும் சேர்த்து நம்ப ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். டவுன்லோட்ஸுக்கு அப்படி அனுமதி கொடுத்திருந்தால், அதற்குள் இறக்கும் எந்த ரெப்போவுக்கும் கேள்வியே வராது. இன்றே எடிட்டரில் நீங்கள் நம்பிய ஃபோல்டர்களின் டிரஸ்ட் பட்டியலைத் திறந்து, டவுன்லோட்ஸோ ஹோம் ஃபோல்டரோ இருந்தால் நீக்குங்கள். ப்ராஜெக்டுக்கு வெளியிலிருந்து ஒற்றை ஃபைலைத் திறக்கும்போதும் தனியாக ஒரு கேள்வி வரும். அங்கே என் முடிவை நினைவில் வை என்பதை டிக் செய்து அனுமதித்தால், அடுத்த முறை கேட்காது. தானாக ஓடும் டாஸ்க்குகளை செட்டிங்கில் அணைத்து வையுங்கள். வி.எஸ். கோடிலிருந்து பிரிந்து வந்த எடிட்டர் என்றால், இந்த வசதி ஆனில் இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

எடிட்டர் ரெஸ்ட்ரிக்டட் மோடில் இருந்தாலும், வெளியே தனி டெர்மினலில் நீங்களே என்பிஎம் இன்ஸ்டால் (ப்ராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்களை இறக்கும் கட்டளை) அடித்தால் பேக்கேஜின் ஸ்கிரிப்டுகள் ஓடிவிடும். தெரியாத ரெப்போ என்றால், உங்கள் மெஷினுக்குள் தனியாகப் பிரித்து வைத்த விர்ச்சுவல் மெஷினில் மட்டும் ஓட்டுங்கள்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பாஸ்வேர்டு, டோக்கன், சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கீ எல்லாவற்றையும் வேறொரு மெஷினிலிருந்து மாற்றுங்கள். அதே மெஷினில் மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்கே போய்விடும்.